அட்டையில் 1250, உள்ளே 500: இணைதிறன் தெரிந்தால் வாய்ப்பாட்டை நாமே எழுதலாம்

உங்க வீட்டில் கர்ப்பிணித் தாய்மார் யாராவது இருந்தால், அவங்களுக்குக் கொடுத்திருக்கிற கால்சியம் மாத்திரை அட்டையை ஒரு நிமிஷம் கையில் எடுங்க. பின்பக்கம் பொடி எழுத்தில் ஏறக்குறைய இப்படி ஒரு வரி இருக்கும்: "கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. – 500 மி.கி. தனிமக் கால்சியத்துக்குச் சமம்."

செவிலியர் சொன்னது 500. அட்டையில் முதலில் கண்ணில் படுவது 1250. அப்போ இரண்டரை மடங்கு போடுறோமா? பயந்துபோய் மாத்திரையைப் பாதியா உடைச்சுப் போடலாமான்னு கூடத் தோணும். உடைக்க வேண்டாம். இரண்டு எண்ணும் சரிதான். 1250 எப்படி 500 ஆகிறது என்பதை, எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் வரும் 'இணைதிறன்' என்ற ஒரே விஷயத்தை வைத்து நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும், போட்டித் தேர்வுக்குத் தயாராகவும், வீட்டுக்கு வரும் பாக்கெட்டுகளின் லேபிளைப் புரிந்து படிக்கவும் இது உதவும். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கோங்க. கணக்குப் போட உங்க செல்போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

இணைதிறன் என்றால் என்ன?

ஓர் அணு மற்ற அணுக்களோடு இணைவதற்கு உள்ள திறன்தான் இணைதிறன். பெயரிலேயே பொருள் இருக்கு. ஒவ்வொரு தனிமத்துக்கும் இப்படி ஒரு குறிப்பிட்ட இணையும் அளவு உண்டு என்ற கருத்தை 1852-ல் முன்வைத்தவர் எட்வர்ட் ஃபிராங்க்லாண்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர்.

இதைக் கொடுக்கல் வாங்கல் மாதிரி நினைச்சுக்கோங்க. அணுவின் வெளிக்கூட்டில் எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அந்த வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் நிறைந்திருந்தால் பெரும்பாலான அணுக்களுக்கு நிலைத்தன்மை கிடைக்கும்.

சோடியத்தை எடுத்துக்கோங்க. அதன் எலக்ட்ரான்கள் 2, 8, 1 என்று அடுக்கப்பட்டிருக்கின்றன. கடைசியில் இருக்கும் அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால், அதற்கு உள்ளே இருக்கும் 8 வெளிக்கூடாகிவிடும். அதனால் சோடியம் ஒன்றைக் கொடுக்கும். எலக்ட்ரானுக்கு எதிர்மின் சுமை. அதில் ஒன்று போனதால் சோடியம் +1 சுமையுள்ள அயனியாக மாறுகிறது.

குளோரினுக்கு 2, 8, 7. எட்டு ஆக இன்னும் ஒன்று வேண்டும். அதனால் ஒன்றை வாங்கும். வாங்கினதும் –1 சுமையுள்ள குளோரைடு அயனி ஆகிவிடும்.

இவ்வளவுதான் விதி: வெளிக்கூட்டில் 1, 2, 3 எலக்ட்ரான் உள்ள உலோகங்கள் அவற்றைக் கொடுக்கும். 5, 6, 7 உள்ள அலோகங்கள், எட்டுக்கு எத்தனை குறைகிறதோ அத்தனையை வாங்கும். கொடுக்கும் அல்லது வாங்கும் எண்ணிக்கையே இணைதிறன். நேர் அயனியும் எதிர் அயனியும் மின் ஈர்ப்பால் சேர்ந்து உருவாகும் பொருளுக்கு அயனிச் சேர்மம் என்று பெயர்.

கையில் வைத்துக்கொள்ள ஒரு சின்னப் பட்டியல்

லேபிள்களில் வேதிக் குறியீடுகள் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே அவற்றை வாய்விட்டு வாசிக்கிற மாதிரியே தமிழில் எழுதியிருக்கோம். கீழே உள்ளதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

கொடுப்பவை (நேர் அயனிகள்)
• +1: சோடியம் (என்ஏ), பொட்டாசியம் (கே), அம்மோனியம் (என்எச்4)
• +2: கால்சியம் (சிஏ), மெக்னீசியம் (எம்ஜி), துத்தநாகம் (இசட்என்)
• +3: அலுமினியம் (ஏஎல்)
• +2 அல்லது +3: இரும்பு (எஃப்இ)

வாங்குபவை (எதிர் அயனிகள்)
• –1: குளோரைடு (சிஎல்), ஃபுளோரைடு (எஃப்), ஹைட்ராக்சைடு (ஓஎச்), நைட்ரேட் (என்ஓ3), பைகார்பனேட் (எச்சிஓ3)
• –2: ஆக்சைடு (ஓ), சல்பேட் (எஸ்ஓ4), கார்பனேட் (சிஓ3)
• –3: பாஸ்பேட் (பிஓ4)

இதில் அம்மோனியம், சல்பேட், கார்பனேட் போன்றவை பல அணுக்கள் சேர்ந்த கூட்டு அயனிகள். ஒரு குடும்பம் ஒரே ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி, அந்த மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்து ஒரே சுமைதான். கூட்டத்தைப் பிரிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் எண்ணையும் மாற்றக் கூடாது.

நான்கே படிகள்

வாய்ப்பாடு எழுதும்போது மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: கொடுத்த மொத்தமும் வாங்கிய மொத்தமும் சமமாக இருக்க வேண்டும். சேர்மத்தில் கடைசியாக மிஞ்சும் சுமை பூஜ்யம்.

கால்சியம் குளோரைடை வைத்துப் பார்ப்போம். அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் டப்பாக்களில் பல நேரம் இருப்பது இந்தப் பொருள்தான்.

படி 1: பெயரை இரண்டாகப் பிரிங்க. கால்சியம், குளோரைடு. நேர் அயனி முதலில் வரும்.

படி 2: ஒவ்வொன்றின் கீழும் சுமையை எழுதுங்க. கால்சியம் +2, குளோரைடு –1.

படி 3: இரண்டு எண்களுக்கும் மீச்சிறு பொது மடங்கு பாருங்க. 2-க்கும் 1-க்கும் 2. கால்சியம் ஒன்று இருந்தாலே 2 வந்துவிடும். குளோரைடு இரண்டு இருந்தால்தான் 2 வரும்.

படி 4: அந்த எண்ணிக்கையைக் குறியீட்டின் வலப்பக்கம் கீழே சிறிதாக எழுதுங்க. 1 என்றால் எழுத வேண்டாம். விடை: சிஏ சிஎல்2.

எழுதி முடிச்சதும் சரிபாருங்க. +2 ஒன்று = +2. –1 இரண்டு = –2. கூட்டினால் பூஜ்யம். சரி!

பள்ளியில் 'குறுக்கு மாற்று முறை' என்று ஒன்று சொல்லிக் கொடுத்திருப்பாங்க. இதன் எண்ணை அதற்கும், அதன் எண்ணை இதற்கும் மாற்றிப் போடுவது. அதுவும் இதே விடையைத்தான் தரும். ஆனா ஏன் மாற்றுகிறோம் என்று தெரியாமல் செய்தால், இரண்டு சுமையும் ஒரே எண்ணாக வரும் இடத்தில் தடுமாறிவிடுவோம்.

இன்னும் சில எடுத்துக்காட்டுகள்

சாப்பாட்டு உப்பு – சோடியம் குளோரைடு. +1, –1. ஒன்றுக்கு ஒன்று. விடை: என்ஏ சிஎல்.

அலுமினியம் ஆக்சைடு. +3, –2. மீச்சிறு பொது மடங்கு 6. அலுமினியம் இரண்டு (3 × 2 = 6), ஆக்சைடு மூன்று (2 × 3 = 6). விடை: ஏஎல்2 ஓ3. அலுமினியப் பாத்திரத்தின் மேல் இயல்பாகவே படிந்து அதைக் காப்பாற்றும் மெல்லிய படலம் இதுதான்.

வெள்ளையடிக்கும் நீற்றின சுண்ணாம்பு – கால்சியம் ஹைட்ராக்சைடு. +2, –1. ஹைட்ராக்சைடு இரண்டு வேண்டும். விடை: சிஏ (ஓஎச்)2. இங்கே அடைப்புக்குறி கட்டாயம். அடைப்புக்குறி இல்லாமல் 'சிஏ ஓஎச்2' என்று எழுதினால் ஆக்சிஜன் ஒன்று, ஹைட்ரஜன் இரண்டு என்று பொருள் மாறிவிடும். கூட்டம் முழுக்க இரண்டு தடவை வருகிறது என்று காட்டவே அடைப்புக்குறி. தேர்வில் பிள்ளைகள் அதிகம் மார்க் விடுகிற இடம் இது.

அலுமினியம் சல்பேட். குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் கலங்கலைப் படிய வைக்கப் பயன்படுவது. +3, –2. மறுபடியும் 6. விடை: ஏஎல்2 (எஸ்ஓ4)3. சல்பேட்டுக்குள் இருக்கும் 4-ஐத் தொடாமல், வெளியே 3 போட்டிருக்கோம் பாருங்க.

இப்போ மாத்திரைக்கு வருவோம்

கால்சியம் கார்பனேட். +2, –2. கால்சியம் ஒன்று, கார்பனேட் ஒன்று. விடை: சிஏ சிஓ3.

அதாவது ஒரு கால்சியம், ஒரு கார்பன், மூன்று ஆக்சிஜன். ஒவ்வொரு அணுவுக்கும் ஒரு நிறை உண்டு. கால்சியத்துக்கு 40, கார்பனுக்கு 12, ஆக்சிஜனுக்கு 16.

கால்சியம்: 40
கார்பன்: 12
ஆக்சிஜன்: 16 × 3 = 48
மொத்தம்: 100

நூற்றுக்கு நாற்பது பங்குதான் கால்சியம். 1250-ல் 40 சதவீதம் எவ்வளவு? கால்குலேட்டரில் தட்டுங்க. சரியா 500!

ஆக, மாத்திரையில் 1250 என்பது கால்சியம் கார்பனேட் முழுவதன் எடை. 500 என்பது அதிலிருக்கும் கால்சியத்தின் எடை மட்டும். செவிலியர் சொன்ன 500 இதுதான். பாதியாக உடைத்தால் கிடைப்பது 250. பிள்ளையின் எலும்புக்கும் தாயின் எலும்புக்கும் சேர வேண்டியதில் பாதி குறைந்துவிடும்.

ஒரு சின்ன எண்ணைத் தப்பாக எழுதினால் என்ன ஆகும்னு பாருங்க. சிஏ (சிஓ3)2 என்று எழுதிவிட்டால், மொத்தம் 160-ல் கால்சியம் 40, அதாவது 25 சதவீதம். 1250-க்கு 312.5 தான் வரும். அட்டையோடு ஒத்துப்போகாது. வாய்ப்பாடு சரியா என்று சோதிக்க இதுவும் ஒரு வழி.

ஏன் எப்போதும் சுருக்கி எழுதுகிறோம்?

குறுக்கு மாற்று முறையில் போட்டால் கால்சியம் கார்பனேட் 'சிஏ2 (சிஓ3)2' என்று வரும். அதைச் சுருக்கி சிஏ சிஓ3 என்று எழுதச் சொல்வாங்க. ஏன்?

உப்புக்கல்லுக்குள் ஒரு சோடியமும் ஒரு குளோரைடும் தனித்தனி ஜோடியாக உட்கார்ந்திருக்கவில்லை. ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று கல் முழுக்க வரிசையாக அடுக்கியிருக்கும். 'உப்பின் ஒரு மூலக்கூறு' என்று தனியாக எடுத்துக் காட்ட எதுவும் இல்லை. எனவே அயனிச் சேர்மத்தின் வாய்ப்பாடு சொல்வது ஒரு விகிதத்தை மட்டுமே: ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரைடு. விகிதம் என்றால் சுருக்கித்தானே எழுத வேண்டும்? இட்லி மாவுக்கு நாலுக்கு ஒன்று என்று சொல்வோமே தவிர, எட்டுக்கு இரண்டு என்று யாரும் சொல்வதில்லை.

தண்ணீர், சர்க்கரை, யூரியா போன்றவை வேறு வகை. அவற்றில் அணுக்கள் எலக்ட்ரானைக் கொடுத்து வாங்காமல் பங்கு போட்டுக்கொள்கின்றன, தனி மூலக்கூறுகளும் உண்டு. இந்த 'சுமை சமன்' முறையை அவற்றுக்குப் போட வேண்டாம்.

இரும்புக்கு மட்டும் இரண்டு எண்ணா?

ஆமா. இரும்பு சில சேர்மங்களில் இரண்டு எலக்ட்ரானையும், சிலவற்றில் மூன்றையும் கொடுக்கும். இரண்டு கொடுத்தால் ஃபெரஸ், மூன்று கொடுத்தால் ஃபெரிக் என்று பெயர்.

ஃபெரஸ் சல்பேட்: +2, –2. விடை: எஃப்இ எஸ்ஓ4.
ஃபெரிக் சல்பேட்: +3, –2. விடை: எஃப்இ2 (எஸ்ஓ4)3.

ரத்தசோகைக்குக் கொடுக்கும் பல இரும்பு மாத்திரைகளில் ஃபெரஸ் வடிவம் இருக்கும், ஏனென்றால் அது குடலில் எளிதாக உறிஞ்சப்படும். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் சேர்த்துப் போடக் கூடாது, குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விடுங்க. கால்சியம் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. சில உப்புகள் தங்களோடு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும். அதற்குப் படிக நீர் என்று பெயர். தண்ணீர் இல்லாத ஃபெரஸ் சல்பேட்டில் இரும்பு சுமார் 37 சதவீதம். ஏழு மூலக்கூறு தண்ணீரோடு உள்ள பச்சை நிறப் படிகத்தில் சுமார் 20 சதவீதம்தான். அதனால் இரும்பு மாத்திரைக்கு நீங்களாகக் கணக்குப் போட்டு அளவை முடிவு பண்ணாதீங்க. அட்டையில் 'தனிம இரும்பு' என்று எவ்வளவு போட்டிருக்கோ, அதையே எடுத்துக்கோங்க.

பிஸ்கட் பாக்கெட்டிலும் உர மூட்டையிலும்

பிஸ்கட், சிப்ஸ், ஊறுகாய் லேபிளில் 'உப்பு' என்று இல்லாமல் 'சோடியம்' என்று மி.கி. கணக்கில் போட்டிருக்கும். என்ஏ சிஎல் என்றால் சோடியம் 23, குளோரின் 35.5, மொத்தம் 58.5. அதாவது உப்பு எடை, சோடியம் எடையைப் போல சுமார் இரண்டரை மடங்கு. லேபிளில் சோடியம் 400 மி.கி. என்று இருந்தால், அதை 2.5-ஆல் பெருக்குங்க. ஏறக்குறைய 1 கிராம் உப்பு. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ரத்த அழுத்தம் உள்ளவங்க வீட்டில் இந்தப் பெருக்கல் ரொம்ப முக்கியம்.

விவசாயிகளுக்கு ஒன்று. அம்மோனியம் சல்பேட் உரம்: +1, –2. அம்மோனியம் இரண்டு வேண்டும். விடை: (என்எச்4)2 எஸ்ஓ4. நைட்ரஜன் அணு இரண்டு (14 × 2 = 28), மொத்த நிறை 132. கணக்குப்படி நைட்ரஜன் சுமார் 21 சதவீதம். மூட்டையில் 20.5 என்ற அளவில் போட்டிருப்பதோடு இது நெருங்கி வருகிறது. அம்மோனியம் ஒன்றே போதும் என்று தப்பாக எழுதியிருந்தால் 12 சதவீதம்தான் வந்திருக்கும்.

பெயர் ஒத்திருந்தால் பொருள் ஒன்றல்ல

கால்சியம் குளோரைடு, கால்சியம் ஹைப்போகுளோரைட். கேட்க ஒரே மாதிரி இருக்கு. முதலாவது சிஏ சிஎல்2. இரண்டாவது சிஏ (ஓசிஎல்)2, பிளீச்சிங் பவுடரில் கிருமியைக் கொல்லும் பொருள். ஹைப்போகுளோரைட்டின் சுமையும் –1 தான், உள்ளே ஆக்சிஜன் ஒன்று கூடியிருக்கு. அந்த வித்தியாசத்தால்தான் பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை கழுவும் ஆசிட்டைக் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். மூடின பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீங்க. லேபிளில் பெயரைக் கடைசி எழுத்து வரை படிங்க: '-ஐடு', '-ஐட்', '-ஏட்' மூன்றும் வேறு வேறு.

நீங்களே முயற்சி செய்யுங்க

1. பொட்டாசியம் குளோரைடு (பொட்டாஷ் உரம், ஓஆர்எஸ் பாக்கெட்டிலும் உண்டு)
2. மெக்னீசியம் ஹைட்ராக்சைடு (வயிற்று எரிச்சலுக்கான மருந்து)
3. சோடியம் கார்பனேட் (சலவைச் சோடா)
4. சோடியம் பைகார்பனேட் (ஆப்பச் சோடா)
5. துத்தநாக சல்பேட் (வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் உடன் தரும் மாத்திரை)
6. கால்சியம் பாஸ்பேட்
7. ஓஆர்எஸ் பாக்கெட்டில் 'டிரைசோடியம் சிட்ரேட்' என்று இருக்கும். 'டிரை' என்றால் மூன்று. அப்படியென்றால் சிட்ரேட்டின் சுமை என்ன?

விடைகள்: 1) கே சிஎல். 2) எம்ஜி (ஓஎச்)2. 3) என்ஏ2 சிஓ3. 4) என்ஏ எச்சிஓ3. 5) இசட்என் எஸ்ஓ4. 6) சிஏ3 (பிஓ4)2, இரண்டுக்கும் மூன்றுக்கும் பொது மடங்கு 6. 7) –3. மூன்று சோடியத்தின் +3-ஐச் சமன் செய்ய –3 தேவை.

ஏழில் ஐந்து சரியாக வந்தாலே பாடம் புரிஞ்சாச்சு. ஆறாவது தப்பினால் கவலைப்படாதீங்க, படி 3-ஐ மறுபடி படிச்சுட்டுப் போட்டுப் பாருங்க.

மேலும் படிக்க, உதவி பெற

தமிழ்நாடு அரசின் பாடநூல்களை இணையத்தில் பிடிஎஃப் வடிவில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் பாடம் தொடர்பான காணொளிகள் வரும். பள்ளிக் கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417, மருந்து, உடல்நலம் தொடர்பான சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.

மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. லேபிளில் என்ன எழுதியிருக்கு என்று புரிந்துகொள்வது நம் வேலை. இன்று இரவு பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுத உட்காரும்போது, அந்த மாத்திரை அட்டையை நடுவில் வைத்து, "இந்த 1250-ல் கால்சியம் எவ்வளவு, கண்டுபிடி பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்க.